டிரக்கியா என்றால் 'கரடுமுரடு'! மூச்சுக்குழாய்க்கு இப்படி ஒரு பெயர் வந்தது எப்படி?

நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை உண்டு. மார்பு எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 'டிரக்கியா சென்ட்ரல்' என்று ஒரு வரி இருந்தால், ஏதோ நோயின் பெயர்னு பயந்துடாதீங்க. மூச்சுக்குழாய் இருக்க வேண்டிய நடுப்பகுதியிலேயே இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, டிரக்கியா என்றால் என்ன? கிரேக்க மொழியில் 'கரடுமுரடானது' என்று பொருள். தொண்டைக்குக் கீழே விரலால் மெல்லத் தடவிப் பாருங்க. படிப்படியாகத் தட்டுப்படும். அவை குருத்தெலும்பு வளையங்கள், சுமார் 16 முதல் 20 வரை இருக்கும்.

கிரேக்கர்கள் வைத்த முழுப்பெயர் 'டிரக்கியா ஆர்ட்டீரியா', அதாவது கரடுமுரடான ஆர்ட்டீரியா. ஆர்ட்டரி என்றால் ரத்தக்குழாய் ஆச்சே, அது எப்படி மூச்சுக்குழாய்க்கு வந்தது?

இறந்த உடலை அறுத்துப் பார்த்தால் தமனிகளில் பெரும்பாலும் ரத்தம் இருக்காது. அதனால் அவற்றிலும் காற்றுதான் ஓடுகிறது என்று எராசிஸ்ட்ராட்டஸ் போன்ற பண்டைய மருத்துவர்கள் நம்பினார்கள். மூச்சுக்குழாயும் ஆர்ட்டீரியா, தமனியும் ஆர்ட்டீரியா! கி.பி. 2-ம் நூற்றாண்டில் காலென், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் கட்டி நடுவில் வெட்டினார். வந்தது ரத்தம். ஆனாலும் பெயர் மாறவில்லை. காற்றுக்கான சொல் ரத்தக்குழாய்க்குப் போய்விட்டது. 'கரடுமுரடு' என்ற அடைமொழி மட்டும் மூச்சுக்குழாயிடம் தங்கிவிட்டது. தமிழின் 'மூச்சுக்குழாய்'க்கு இந்தக் குழப்பமே இல்லை. 19-ம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்த டாக்டர் சாமுவேல் கிரீன், இப்படிப்பட்ட சொற்களுக்காகத்தான் மெனக்கெட்டார்.

இந்தக் குழாயின் உள்சுவரில் சளிப்படலமும் நுண்மயிர்களும் இருக்கின்றன. சுரங்கத் தூசியைப் பிடித்து மேலே தள்ளுவது இவற்றின் வேலை. புகைபிடித்தால் நுண்மயிர்கள் செயலிழக்கும். மிக நுண்ணிய தூசி இதையும் தாண்டி நுரையீரலில் படியும். அதனால் வரும் நோய்க்கும் கிரேக்கப் பெயர்தான்: நிமோகோனியோசிஸ். நிமோன் என்றால் நுரையீரல், கோனிஸ் என்றால் தூசி.

ஒன்றைக் கவனிக்கணும். 'டிரக்கியா சென்ட்ரல்' என்று இருப்பதாலேயே நுரையீரலில் தூசி படியவில்லை என்று ஆகிவிடாது. நுரையீரல் பற்றிய வரிகள் ரிப்போர்ட்டில் தனியாக இருக்கும். புரியலைன்னா டாக்டரிடமே கேட்டுடுங்க.