அந்தக் குனிவை யாரும் சொல்லவில்லை

எண்ணெய், பால் அளக்கும் கண்ணாடிக் கோப்பையில் என்ன குறை என்று அமெரிக்காவின் ஆக்ஸோ நிறுவனத்தார் சமைக்கிறவர்களிடம் கேட்டார்கள். விழுந்தால் உடைகிறது, எண்ணெய்க் கையில் வழுக்குகிறது, கைப்பிடி சுடுகிறது என்று பதில் வந்தது. சரி, அளந்து காட்டுங்கள் என்றதும் ஊற்றினார்கள், குனிந்து கோட்டைப் பார்த்தார்கள், நிமிர்ந்து இன்னும் கொஞ்சம் ஊற்றிவிட்டு மறுபடி குனிந்தார்கள். இந்தக் குனிவை ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை. அளப்பது என்றாலே அப்படித்தான் என்று உடம்பு பழகியிருந்தது. கோப்பைக்குள் சரிவாக ஒரு பட்டை வைத்து அளவுகளை அதில் அச்சிட்டார்கள். இப்போது நின்றபடியே மேலிருந்து படிக்கலாம்.

பொருள் வடிவமைப்பு படிக்க வரும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் நான் சொல்வது இதைத்தான். வரும்போதே கையில் கேள்வித்தாள் வைத்திருப்பார்கள். ‘இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?’ வீடு தேடி வந்த பிள்ளையிடம் நம் ஊரில் யார் மாட்டேன் என்பார்கள்? காபி கொடுத்து, ‘நல்லாத்தான் இருக்குப்பா’ என்று அனுப்பிவைப்பார்கள். அந்தப் பதிலை வைத்து ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாது.

அதனால் வாங்குவீர்களா என்பதை விடு, கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று கேள், அதையே செய்து காட்டச் சொல் என்பேன். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல். தடுமாறினால் உதவப் போகாதே. இந்தக் கடைசிப் பாடம்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கடினம். பெரியவர்கள் திணறுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க நம் வளர்ப்பு விடாது. ஆனால் நாம் தேடிப் போனதே அந்தத் திணறலைத்தான்.

பட்ரீஷியா மூர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இன்னும் ஒருபடி போனார். 1979இல் தொடங்கி மூன்றாண்டுகள், இருபதுகளில் இருந்த அவர், மங்கிய கண்ணாடியும் காதடைப்பும் மடங்காத முழங்காலுமாகக் கிழவி வேடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் அலைந்தார். அவரை வணங்குகிறேன். ஆனாலும் மாணவர்களை வேடம் போடச் சொல்வதில்லை. வேடத்தில் சிரமம் தெரியும்; அந்தச் சிரமத்தோடு வருஷக்கணக்காக வாழ்ந்தவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் உபாயங்கள் தெரியாது.

தென்காசிப் பக்கத்து மாணவி ஒருத்தி மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டாள். ஊரில் ஒரு ஆச்சியிடம், மாத்திரை சாப்பிடச் சிரமமா என்று கேட்டாள். ‘ஒண்ணும் இல்ல தாயி, நேரத்துக்கு முழுங்கிருதேன்.’ அடுத்த முறை ஆச்சி மாத்திரை எடுத்துவைக்கும் நேரமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தாள். கட்டைவிரலால் அமுக்க ஆச்சிக்கு வலுவில்லை. ஒரு வாரத்து மாத்திரைகளையும் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்துப் பழைய டப்பாக்களில் போட்டுவைத்தார். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. பிரஷர் டப்பாவில் ஒரு ரப்பர் பேண்ட். கரண்ட் போனாலும் தடவிப் பார்த்து எடுத்துவிடலாம். வெட்டிய அட்டையோடு மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் குப்பைக்குப் போயின.

அந்த ரப்பர் பேண்டைத்தான் நான் கண்டுபிடிப்பு என்பேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இதைத் தேடச் சொல்கிறேன்: கைப்பிடியில் சுற்றிய துணி, ரிமோட்டில் வைத்த நெயில் பாலிஷ் புள்ளி. பொருளைச் செய்தவர் விட்டதை, புழங்குகிறவர் தம் கையால் முடித்திருக்கும் இடங்கள் அவை.

எத்தனை பேரைப் பார்ப்பது என்று கேட்பார்கள். ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும் என்று 2000இல் ஜேக்கப் நீல்சன் எழுதினார். இணையதளச் சோதனைக்காகச் சொன்னதுதான். குறையைக் கண்டு, திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் போவதற்கு எங்களுக்கும் அது உதவுகிறது.

அந்த மாணவி ஒவ்வொரு மாத்திரைக் குழியின் பின்னாலும் பெயரும் தேதியும் வருகிற மாதிரி, சுற்றிலும் வெட்டுக்கோடு போட்டு ஒரு அட்டை செய்தாள். ஆச்சி கோட்டின்படி வெட்டி, குழியோடு டப்பாவில் போட்டார். மற்ற நால்வரில் இருவர் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை, பல்லால் கடித்தார்கள். அடுத்த மாதிரி அட்டையை அவர்களை மனதில் வைத்துச் செய்துகொண்டிருக்கிறாள்.