கோயில் வேயும் சதுப்புப் புல்

ஊட்டிக்கு அருகே முத்தநாடு மந்து என்ற தோடர் பழங்குடியினரின் குடியிருப்பில் அவர்களுடைய கூம்புக் கோயில் ஒன்று இருக்கிறது. வாசல் மிகச் சிறியது. பூசாரி தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். எருமைப் பாலைக் கடையும் இடமும் அதுவே, தெய்வம் உறையும் இடமும் அதுவே. மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிய சட்டத்தின்மேல் கூரைக்குப் புல் வேய்கிறார்கள். கிடைத்த புல்லையெல்லாம் போட்டுவிட முடியாது. தோடர்கள் 'அவ்ஃபுல்' என்று சொல்லும் புல்தான் வேண்டும்.

தாவரவியலில் இதற்கு எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்று பெயர். கோவை வேளாண் கல்லூரியில் பணியாற்றி, தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921-இல் கையேடு வெளியிட்ட ரங்காச்சாரியாரின் நினைவாக வைத்த பெயர். கரும்பும் சோளமும் சேர்ந்த புல் கூட்டத்தில் இதுவும் ஒன்று. இதன் நெருங்கிய உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் இருக்க, இது மட்டும் நீலகிரியின் உயரத்தில் தனித்து வாழ்கிறது. கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தால், மணிகளைச் சுற்றிப் பொன்பழுப்பு நிறத்தில் மென்மையான ரோமம் அடர்ந்திருக்கும்.

மேட்டுச் சரிவில் இதைத் தேடிப் பயனில்லை. இரண்டு குன்றுகள் இறங்கிச் சேரும் பள்ளத்தில், ஆண்டு முழுக்க ஈரம் வற்றாத சதுப்பில்தான் வளரும். மார்கழி, தையில் அங்கே இரவுகளில் உறைபனி விழுகிறது. இளம் மரக்கன்றுகள் அதில் கருகிப்போகும். பல்லாண்டுப் புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. தாள் காய்ந்தாலும் தூர் மண்ணோடு ஒட்டி உயிரோடிருக்கும், வெயில் ஏறியதும் மறுபடி துளிர்க்கும்.

மரங்களை வெட்டியதால்தான் இந்த மலையில் புல்வெளி வந்தது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அதற்குப் பதில் இந்தச் சதுப்புகளின் அடியிலேயே இருக்கிறது. அங்கே அடுக்கடுக்காக மக்கிக் கிடக்கும் கரிமண்ணை ஆராய்ந்து, சூழலியலாளர் ஆர். சுகுமார் குழுவினர் 1993-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். புற்களும் மரங்களும் விட்டுச்செல்லும் கார்பனில் ஐசோடோப்பு விகிதம் வேறுபடும். அதைக்கொண்டு சுமார் 20,000 ஆண்டுகளில் பருவமழை வலுத்தும் தளர்ந்தும் போனதற்கேற்ப இரண்டு வகைத் தாவரங்களும் கூடிக் குறைந்ததைக் கண்டார்கள். மனிதர் கோடரி எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது.

அப்படி நிலைத்த புல்வெளியை 'தரிசு' என்று எழுதிவைத்து, சீகையும் தைலமரமும் பைனும் நட்டார்கள். சதுப்புகளில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டார்கள். சில பள்ளத்தாக்குகள் மின்திட்ட அணைகளின் நீரில் மூழ்கின. இதில் என்னை மிகவும் வருத்துவது சதுப்பை வடித்ததுதான். சீகையை வெட்டினால் சரிவில் புல் திரும்பி வரக்கூடும். ஈரம் போன பள்ளத்தில் அவ்ஃபுல்லுக்கு இடமில்லை. கூரை மாற்றும் காலம் வரும்போது தோடர்கள் அதைத் தேடித் தொலைவுக்கு நடக்க வேண்டியிருக்கிறது.