வேகம் குன்றிய கணிப்பொறி

விண்டோஸை மீண்டும் நிறுவிய பின்னரும் கணிப்பொறி ஆமைபோல் நகர்கின்றதே எனக் கலங்கி, கடன்பட்டேனும் புதியதொன்று வாங்க முற்படும் பெற்றோரே, சற்றுப் பொறுங்கள். முதல் நாளில் அது புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டும், கோப்புகளைத் தேடலுக்கெனப் பட்டியலிட்டுக்கொண்டும் இருக்கும். அணைக்காது விட்டுவைத்தல் நலம்.

மறுநாளும் தாமதம் நீடிப்பின், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். வேலை ஏதுமின்றியே 'டிஸ்க்' 100 விழுக்காட்டில் நின்று, உள்ளிருப்பது பழைய சுழல்வட்டாயின், எஸ்.எஸ்.டி. பொருத்துவதே தக்க பரிகாரம். 'மெமரி' நிரம்பியே நின்றால், ரேம் போதவில்லை என்பது பொருள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி தென்பட்டால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உரிய டிரைவரைப் பெற்று நிறுவுங்கள்.

நோயை அறிந்த பின்னரே மருந்து. வீண்செலவைத் தவிர்க்க அதுவே வழி.