சிட்டிகைச் சத்து – 14: கோஷா ஆஸ்பத்திரிக்கு வந்த லூசி

புழுங்கலரிசியில் பி-1 எப்படித் தங்குகிறது என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் இரும்பு என்று சொல்லியிருந்தேன். இரும்பைத் தேடிப் போன வழியில் லூசி வில்ஸ் குறுக்கிட்டார். அவரை விட்டுவிட்டு மேலே போக மனம் வரவில்லை.

1928-இல் இந்த ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நூற்பாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளை ஒரு கொடிய ரத்தசோகை வாட்டிக்கொண்டிருந்தது. இரும்புச் சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும். இந்தப் பெண்களுக்கோ உப்பிப் பெருத்திருந்தன. லூசி முதலில் கிருமியைச் சந்தேகித்தார், அது இல்லை. பிறகு அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். அங்கே பிடி கிடைத்தது. சாப்பாடு எவ்வளவு மோசமோ, சோகையும் அவ்வளவு கடுமை.

ஈரல் சாறு கொடுத்தால் குணமானது. ஏழைகளுக்கு அது கட்டுப்படியாகாதே! லூசி மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுத்து, ரொட்டியில் தடவிச் சாப்பிடும் கறுப்புப் பசை அது. சில நாட்களிலேயே ரத்தத்தில் புது சிவப்பணுக்கள் பெருகின. 1931-இல் இதை எழுதி வெளியிட்டார். பசைக்குள் இருந்தது எதுவென்று யாருக்கும் தெரியாததால் ‘வில்ஸ் காரணி’ என்றே அழைத்தார்கள்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சேதி இனிமேல்தான். பம்பாயிலிருந்து லூசி குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்தார். 1931 தொடக்கத்தில் அவர் வேலை பார்த்தது சென்னை கோஷா ஆஸ்பத்திரியில்! இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்த வாசலை எத்தனை முறை கடந்திருப்பேன், இது தெரியாமல்!

அதே திருவல்லிக்கேணியின் இந்து உயர்நிலைப் பள்ளியில்தான் பீமவரத்துப் பையன் எல்லாப்பிரகட சுப்பாராவ் மூன்றாவது முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர். 1941-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து துளியூண்டு பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்ட பொருளை, 1945-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தது சுப்பாராவ் தலைமையிலான குழு. லூசி தேடியதும் இதைத்தான்.

உடலில் புதிய செல் பிறக்கும்போதெல்லாம் டி.என்.ஏ.வை நகலெடுக்க இந்தச் சத்து வேண்டும். நாம் கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பாதிச் சத்து சாக்கடைக்குப் போய்விடும்.

இரும்புக்கு இடமில்லாமல் போயிற்று. அது அடுத்த வாரம். ஆனால் இதை இன்றே சொல்லியாக வேண்டும். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதைப் பல பெண்கள் கவனிப்பதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். அது சரியாக நடக்க இந்தச் சத்து அப்போதே உடலில் இருக்க வேண்டும். ஆகவே, உங்கள் வீட்டில் குழந்தைக்குத் தயாராகும் பெண் இருந்தால், கரு தங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவரைக் கேட்டு, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்கச் சொல்லுங்கள்.