துண்டுக்குள் பேசிய விலை

அமெரிக்காவில் நீரிழிவுக்காரர் ஒருவர் டிசம்பர் மாதத்தில் மருந்துக்கடைக்குச் சென்று, வாரம் ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்ளும் ஓசெம்பிக் ஊசியை, ஒரு மாதத்துக்கான அளவில், 25 டாலருக்கு வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரே ஜனவரியில் அதே கடையில் அதே மருந்துச் சீட்டை நீட்டும்போது, ஏறக்குறைய ஆயிரம் டாலரை எடுத்து வைக்கும்படி கேட்கப்பட்டால் திகைக்காமல் என்ன செய்வார்? மருந்தும் வியாதியும் இருந்தபடியே இருக்க, மாறியது பஞ்சாங்கம் ஒன்றுதான். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் குறிப்பிட்ட ஒரு தொகை வரையில் நோயாளியே கைப்பணத்தைச் செலவிட்டாக வேண்டும், அதன் பிறகே காப்பீட்டு நிறுவனம் பணப்பையைத் திறக்கும் என்பது அந்நாட்டுக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றின் சம்பிரதாயம்.

இதில் விசேஷம் என்னவென்றால், அந்நாட்களில் அவர் கொடுப்பது மருந்துக்காக உண்மையில் கைமாறும் கிரயம் அன்று. உற்பத்தியாளர் அறிவிக்கும் பட்டியல் விலையை ஒட்டிய தொகை. நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்தே பேரத்தை முடிப்பதைக் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்குவது எளிது. காப்பீட்டு நிறுவனங்களின் சார்பில் மருந்து விலை பேசும் தரகு நிறுவனங்கள் அங்கே உண்டு. அவற்றுள் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்.எக்ஸ். ஆகிய மூன்று மட்டுமே நாட்டின் மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் கையாளுகின்றன. எந்த மருந்துக்குக் காப்பீடு கிடைக்கும் என்று தீர்மானிப்பதில் இவற்றின் சொல்லே எடுபடுவதால், பட்டியலில் நல்ல இடம் பெற விரும்பும் உற்பத்தியாளர், விற்பனைக்குப் பின் ஒரு கழிவுத் தொகையைத் திருப்பித் தருகிறார். அது எவ்வளவு என்பதுதான் துண்டுக்குள் இருக்கும் விரல். கழிவு பெரும்பாலும் பட்டியல் விலையின் சதவீதமாகக் கணக்கிடப்படுவதால், விலை ஏற ஏறக் கழிவும் கொழுக்கிறது. விலையைத் தாழ்த்துவதில் எவருக்கும் அவசரம் இருப்பதில்லை. காப்பீடே இல்லாதவருக்கும், ஜனவரியில் வந்து நிற்பவருக்கும் சந்தையில் உரக்கக் கூவிய விலைதான்.

2024 செப்டம்பரில் செனட் சபையின் சுகாதாரக் குழுவின் முன், ஓசெம்பிக்கைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் அன்றைய தலைவர் லார்ஸ் யோர்கன்சன் வரவழைக்கப்பட்டபோது, குழுத் தலைவர் பெர்னி சாண்டர்ஸ் கையில் வைத்திருந்த கணக்கு இது: ஓசெம்பிக் அமெரிக்காவில் 969 டாலர், கனடாவில் 155, ஜெர்மனியில் 59. உடல் பருமனுக்கான வீகோவி அமெரிக்காவில் 1,349 டாலர், பிரிட்டனில் 92. நிறுவனத் தலைவர் தரகர்களைச் சுட்டிக்காட்டி, கழிவுகள் போகத் தங்களுக்கு ஓசெம்பிக்கில் கிடைக்கும் விலை, அறிமுகமான காலத்திலிருந்து 40 சதவீதம் குறைந்துவிட்டது என்றார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், எஞ்சுவது ஜெர்மானிய விலையைப் போலப் பன்மடங்கு என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை.

விலையைவிட விசித்திரமானது சட்டம். முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவைச் சேர்த்த 2003-ஆம் ஆண்டுச் சட்டம், எடை குறைக்கும் மருந்துகளுக்கு மட்டும் பணம் தரலாகாது என்று விலக்கிவிட்டது. பருமனை நோயாக அல்லாமல் அழகு பற்றிய கவலையாக எண்ணிய காலம் அது. ஓசெம்பிக்கிலும் வீகோவியிலும் இருப்பது செமாக்ளூடைட் என்ற ஒரே பொருள்தான். ஆயினும் முன்னதற்குப் பணம் உண்டு, பின்னதற்கு இல்லை என்றாயிற்று. இருதய நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் வீகோவி பயன்படலாம் என்று 2024 மார்ச்சில் அனுமதி கிடைத்த பிறகே அத்தகையோருக்கு வாசல் சற்றுத் திறந்தது; பருத்த முதியவர், இருதயமும் பழுதாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது போலும்! இதற்கிடையே, மருந்தை நிறுத்தியவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதை ஆராய்ச்சி காட்டியிருப்பதால், இது ஒருமுறைச் செலவன்று, மாதந்தோறும் வந்து நிற்கும் செலவு.

இன்சுலின் இதே பாதையில் முன்பே நடந்திருக்கிறது. 1923-இல் அதைக் கண்டுபிடித்த பான்டிங்கும் அவருடைய சகாக்கள் இருவரும் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு காப்புரிமையை டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த கதையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். பிற்காலக் கதையே அதிக உபதேசமுடையது. 1996-இல் 21 டாலராக இருந்த எலை லில்லி நிறுவனத்தின் ஹியூமலாக் இன்சுலின் குப்பி, காலப்போக்கில் 275 டாலரை எட்டியது. 2023 மார்ச்சில் அந்நிறுவனம் 70 சதவீத விலைக் குறைப்பை அறிவித்தபோது அதன் காருண்யத்தைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் விலைவாசியை மிஞ்சி ஏற்றப்பட்ட மருந்துகளுக்காக ஏழைகளின் மெடிகெய்ட் திட்டத்துக்குத் தர வேண்டிய கழிவின் உச்சவரம்பு 2024 ஜனவரியில் நீங்கவிருந்தது. விலை அப்படியே நின்றிருந்தால், மருந்தின் விலைக்கும் அதிகமாகவே கழிவு தர நேர்ந்திருக்கும். தர்மமும் லாபமும் ஒரே வாசலில் சந்தித்த முகூர்த்தம் என்று அதைச் சொல்லலாம்.

எடை மருந்துகளுக்குத் திரும்பினால், 2024 ஆகஸ்டில் லில்லி தன் செப்பவுண்ட் என்ற எடை குறைக்கும் மருந்தை ஊசிப்பேனாவில் அல்லாமல் சிறு குப்பியில் அடைத்து, தரகர்களை விலக்கி, தொடக்க அளவை மாதம் 399 டாலருக்கு நோயாளிக்கே நேரடியாக விற்க முன்வந்தது. நோவோவும் மறு ஆண்டு மார்ச்சில் வீகோவியை 499 டாலருக்கு நேரடியாக விற்றது. பிறகு இவ்விலைகள் இன்னும் இறங்கின. குப்பியை வாங்கியவர் சிரிஞ்சில் தாமே மருந்தை உறிஞ்சிப் போட்டுக்கொள்கிறார், அது பழகிவிடும். ஆனால் இந்த நேர்வழியில் அவர் கொடுக்கும் பணம், ஜனவரியில் காப்பீட்டு நிறுவனம் எதிர்பார்க்கும் அந்தக் கைப்பணக் கணக்கில் சேராது; வேறொரு வியாதிக்காக அவர் மருத்துவமனைக்குப் போனால், முதல் டாலரிலிருந்தே மறுபடி எண்ண வேண்டும்.