வெடித்த பலகை வீண் அல்ல

நியூ டவுனில் வீடு வாங்கும் நம்மவர் பலர், "ஜப்பான் பாணியில் மேசை நாற்காலி வேண்டும்" என்கிறார்கள். கூடவே, ஊரிலிருந்து வந்த தேக்குச் சாமான்களை வெடித்துவிட்டதென்று கழித்துக்கட்டுகிறார்கள்.

அந்தப் பாணிக்குப் பேர்போனவர் ஜார்ஜ் நகாஷிமா, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1937-ல் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர். வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் கிடைப்பலகைகளும் தேக்குத் தள்ளுகதவுகளும் அதன் சிறப்பு. 1942-ல், போர்க்காலத்தில், அமெரிக்கா அவரை முகாமில் அடைத்தது. அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மரபான இணைப்பு வேலையைக் கற்றார். பின்னர் பென்சில்வேனியாவில் பட்டறை வைத்தார். 1990-ல் அவர் மறைந்தபின் மகள் மீரா பொறுப்பேற்றார். அவருடைய மேசைகள் ஏலத்தில் பல லட்சம் ரூபாய்க்குப் போகின்றன.

அவற்றில் ஒரு விசேஷம்: வெடிப்பை அவர் மறைக்கவில்லை. இடை சிறுத்து இருமுனையும் அகன்ற, வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையை அதன் குறுக்கே பதித்தார். மழையில் மரம் உப்பும், குளிரில் சுருங்கும். அப்போது வெடிப்பு வளரும். அகன்ற முனைகள் இருபுறத்தையும் பிடித்துக்கொள்வதால் அது விரியாது. ரயில்வேயில் சிலீப்பர் கட்டைகளின் முனை பிளக்காதிருக்க நாங்கள் இரும்புப் பட்டை கட்டியதும் இதற்காகத்தான்.

உள்ளூர் மிஸ்திரியிடம் சொல்லுங்கள்: பதிக்கும் கட்டை கடினமரமாக இருக்கட்டும், அதன் ரேகை வெடிப்புக்குக் குறுக்கே ஓடட்டும், பலகையின் பாதிக் கனத்துக்கு ஆழம் போதும். பாட்டன் காலத்து ஊஞ்சல் பலகை பேரன் படிக்கும் மேசையாகும். புதிது வாங்கும் செலவும் மிச்சம்.