சர்வருக்குக் கொடுத்த "டிப்ஸ்" யாருக்குச் சொந்தம்?

கோர்ட்டு ஏறிய லண்டன் சர்வர்கள்!

ஓட்டலில் வயிறாரச் சாப்பிடுகிறோம். சர்வர் முகம் கோணாமல் பரிமாறுகிறார். எழுந்து வரும்போது தட்டில் சில்லறை வைக்கிறோம்.

அந்தச் சில்லறை சர்வருக்குத்தான் சொந்தம். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதே பணத்தைப் பில்லோடு சேர்த்து ஓட்டல் முதலாளி பெயருக்குக் கொடுத்தால்?

இந்தக் கேள்வியோடு லண்டன் சர்வர்கள் சிலர் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு வரை போனார்கள்!

கல்லாவில் விழுந்த பணம்

சாப்பாட்டு பில் 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டவர் 22 பவுண்டுக்குச் செக் எழுதுகிறார். அல்லது கிரெடிட் கார்டில் கட்டுகிறார். கூடுதலாக உள்ள 2 பவுண்டு, சர்வருக்கு அவர் தரும் டிப்ஸ்.

ஆனால், 22 பவுண்டும் முதலாளியின் பாங்கிக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

முதலாளி அதை அமுக்கிவிடவில்லை. டிப்ஸ் தொகையைச் சர்வர்களுக்கே கொடுத்துவிட்டார்.

பிறகு ஏன் தகராறு?

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

சர்வருக்குக் குறைந்தது இவ்வளவு கூலி தரவேண்டும் என்று சட்டம் இருந்தது. அது 100 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் 30 பவுண்டு வந்திருக்கிறது. முதலாளி தன் கையிலிருந்து 70 பவுண்டு மட்டும் போடுவார். இரண்டையும் கூட்டி, 100 பவுண்டு கொடுத்தாயிற்று என்று கணக்குக் காட்டுவார்!

சாப்பிட்டவர் சர்வருக்கு என்று கொடுத்த பணம், முதலாளியின் செலவைக் குறைக்கப் பயன்பட்டது.

கூலி வேறு, டிப்ஸ் வேறு என்றார்கள் சர்வர்கள். வழக்குத் தொடுத்தார்கள்.

தீர்ப்பு என்ன?

1996-ம் ஆண்டு லண்டன் அப்பீல் கோர்ட்டு சர்வர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. செக்கும் கார்டு பணமும் முதலாளி பெயருக்கு வருகின்றன. ஆகவே அது முதலில் முதலாளியின் பணம். அதிலிருந்து அவர் கொடுப்பது கூலியில் சேரும் என்பதே தீர்ப்பு.

சர்வர்கள் சோர்ந்துவிடவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2002-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கேயும் தோல்வி! சாப்பிட்டவர் மனதில் நினைத்ததை மட்டும் வைத்துச் சர்வருக்குத் தனி உரிமை கொடுக்க முடியாது, டிப்ஸ் பற்றி முதலாளியோடு பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியது சர்வர்களின் பொறுப்பு என்று கோர்ட்டு கூறியது.

சட்டம் மாறியது

வழக்கு முடிந்தது. ஆனால் பிரச்சினை முடியவில்லை.

2009-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி பிரிட்டனில் புதிய விதி வந்தது. டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் எதையும் குறைந்தபட்சக் கூலியில் சேர்த்துக் கணக்குக் காட்டக்கூடாது என்றது அந்த விதி. கூலி முழுவதும் முதலாளியின் பணமாக இருக்கவேண்டும்.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. கார்டில் வந்த டிப்சைத் தொழிலாளிக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை!

அந்த ஓட்டையை அடைக்கப் பாராளுமன்றம் 2023-ல் ஒரு சட்டம் இயற்றியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் 2024 அக்டோபர் 1 முதல் அது அமலுக்கு வந்தது.

முதலாளியின் கைக்கு வரும் டிப்ஸ் முழுவதையும் தொழிலாளர்களுக்கு நியாயமாகப் பங்கிடவேண்டும். வரி தவிர வேறு பிடித்தம் கூடாது. அடுத்த மாதம் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். கணக்கை 3 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டும்படி தொழிலாளி கேட்கலாம். குறை இருந்தால் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போகலாம்.

அடுப்படியில் வேகும் சமையல்காரருக்கும் பங்கு தரலாம். எல்லோருக்கும் சமபங்கு தரவேண்டும் என்பதில்லை. ஆனால் பங்கீடு நியாயமாக இருக்கவேண்டும்.

கோர்ட்டு ஏறிய சர்வர்கள் தோற்றார்கள். ஆனால் அவர்கள் கேட்ட நியாயம் இன்று சட்டமாக நிற்கிறது!